நான் எந்தக் கணக்கில்?

பரீட்சைத் தாள் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஓர் உபாத்தியாயினியை வேறொருவர் பரீட்சை செய்ய வந்தால் அவள் பாடு எப்படியிருக்கும் என்பதைச் சென்ற தை மாதத்தில் நான் அறிந்துகொண்டேன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பிறருக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய எனக்கு, அன்று ஒரு கேள்விக்கு விடை எழுதத் தெரியவில்லை.

பொங்கல் விடுமுறை. உசிலம்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு பையும் கையில் ஒரு கட்டுக் காகிதமுமாக ஓர் இளம்பெண் வந்து நின்றாள். வெயிலில் வெகு தூரம் நடந்து வந்த முகம். மோர் கொடுத்து உட்காரச் சொன்னேன். குடித்து முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னாள். எங்கள் சுற்றுப்புறக் கிராமங்களில் பெண் குழந்தைகளின் நலனுக்காகச் சில வருஷங்களாக ஒரு தர்ம ஸ்தாபனம் வேலை செய்து வருகிறது. ஸ்திரீகளைக் கூட்டிக் கூட்டம் நடத்துகிறது. பெண்களின் படிப்புக்கு உதவுகிறது. அதற்குப் பணம் கொடுப்பவர்கள், "இத்தனை வருஷம் கொடுத்த பணத்தால் என்ன பலன் விளைந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். அதைக் கண்டறிந்து எழுதுவதற்காக இந்தப் பெண்ணை வீடு வீடாக அனுப்பியிருக்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். கொடுத்தவன் கேட்கவேண்டும், வாங்கியவன் சொல்லவேண்டும். சர்க்கார் பணமானால் அது நம் எல்லோருடைய பணமுமாகையால், கேட்பதற்கு இன்னும் அதிகப் பாத்தியதை உண்டு. ஆகவே உற்சாகமாகவே அவளுக்கு விடை சொல்லத் தொடங்கினேன். வயது என்ன, படிப்பு என்ன, வீட்டில் எத்தனை பேர், கூட்டங்களுக்கு எத்தனை முறை போனேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். இருபத்தேழாவது கேள்வி வந்தது.

"உங்கள் குடும்பத்தில் பெண் குழந்தையைக் காப்பாற்ற எந்தத் திட்டம் மிகவும் உதவியது?"

அதன் கீழே வரிசையாகக் கட்டங்கள். சர்க்கார் திட்டங்கள் நாலைந்து, அந்த ஸ்தாபனத்தின் கூட்டங்கள், பத்திரிகை, சினிமா, "ஏதுமில்லை" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

"உங்க குடும்பத்துல அப்படி ஏதாவது உண்டா டீச்சர்?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உண்டு அம்மா. நான்தான்" என்றேன்.

நான் 1979-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள ஒரு மானாவாரிக் கிராமத்தில், என் பெற்றோருக்கு மூன்றாவது பெண்ணாகப் பிறந்தேன். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் மூன்றாவது பெண் என்றால் என்ன அர்த்தம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. என் தாயார் காலமாவதற்கு முந்தின வருஷம், ஏதோ பேச்சுக்கு நடுவே, அந்த நாளைப் பற்றி என்னிடம் சொன்னாள். அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொல்லவில்லை.

நான் பிறந்ததும் வீட்டில் யாரும் பேசவில்லையாம். அப்பத்தா வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி வந்து அப்பத்தாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். என் தாயார் என்னை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்படியே இரண்டு நாள். மூன்றாம் நாள் அப்பத்தா உள்ளே வந்து, "இதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

"ஏம்மா அப்பத்தா மனசு மாறுச்சு?" என்று நான் கேட்டேன்.

என் தாயார் சிறிது யோசித்துவிட்டு, "அன்னிக்கு மழை பேஞ்சுச்சுடி. கம்மா நெறஞ்சுபோச்சு" என்றாள்.

இதைத்தான் அந்த இளம்பெண்ணிடம் சொன்னேன். அவள் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தாள். மழைக்கு அதில் கட்டம் இல்லை.

★

எங்கள் ஊரின் பெயரை நேயர்களில் பலர் எதற்காகக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள இந்த ஊருக்கு, 1986-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் 'இந்தியா டுடே' பத்திரிகை தன் அட்டைப்படக் கட்டுரையின் மூலம் தேசப் பிரசித்தி தேடித் தந்தது. பத்து வருஷத்தில் இந்தத் தாலுகாவில் சுமார் 6,000 பெண் சிசுக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அக்கட்டுரை எழுதிற்று. அது ஒவ்வொன்றாக எண்ணிய எண் அல்ல. ஆஸ்பத்திரிப் பிரசவக் கணக்கை வைத்துக்கொண்டு மதிப்பிட்ட எண். ஆனால் அச்சில் ஏறிய எண்ணுக்குக் கால் முளைத்துவிடுகிறது. 1994-இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு நான் மதுரையில் கல்லூரியில் படித்தபோது, "எந்த ஊர்?" என்று கேட்டவர்கள் விடையைக் கேட்டதும் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்ப்பார்கள், உயிரோடு தப்பியவளைப் பார்ப்பதுபோல. அவர்கள் பார்த்தது சரிதான் என்று அப்பொழுது எனக்குத் தெரியாது.

அந்தப் பழி எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதைப் பின்னால் குடிமதிப்புக் கணக்கு காட்டிற்று. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்று பார்த்தால், 1991-இல் தமிழ் நாடு முழுவதற்கும் 948 பெண்கள் இருந்தார்கள். சேலம் ஜில்லாவில் மட்டும் 849. பெயர் வாங்கியது ஓர் ஊர். பெண்கள் அதிகம் குறைந்திருந்தது வேறு பக்கம். ஒரு காரியத்தைப் பற்றி நாம் கேள்விப்படுவது எங்கே என்பதும், அது நடப்பது எங்கே என்பதும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை.

1992-இல் ஜெயலலிதா முதல் மந்திரியாயிருந்தபோது சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. வளர்க்க முடியாதென்று எண்ணும் பெற்றோர் குழந்தையைக் கொல்ல வேண்டாம், சர்க்கார் வைத்திருக்கும் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம், கேள்வி கேட்பார் இல்லை என்பது ஏற்பாடு. 2001-இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி ஜில்லாக்களுக்கும் வந்தது. தொட்டிலில் வந்து சேர்ந்த குழந்தைகள் பலர் தத்துக் கொடுக்கப்பட்டு எங்கெங்கோ வளர்ந்து ஆளாகியிருக்கிறார்கள். அந்த ஒவ்வோர் உயிருக்கும் யாரும் விலை சொல்ல முடியாது.

ஆனால் இத்திட்டத்துக்கு மதிப்பெண் போடவேண்டுமென்று என்னிடம் சொன்னால் எப்படிப் போடுவேன்? தொட்டில் நிறைந்திருந்தால் திட்டம் ஜயித்தது என்பதா, தோற்றது என்பதா? சாகவிருந்த குழந்தை வந்து சேர்ந்திருந்தால் ஜயம். எப்படியோ கஷ்டப்பட்டு வளர்த்திருக்கக்கூடிய பெற்றோர், 'சர்க்கார்தான் பார்த்துக்கொள்கிறதே' என்று கொண்டுவந்து போட்டிருந்தால்? அப்படியும் நடக்குமென்று தொடக்கத்திலிருந்தே சிலர் ஆட்சேபித்தார்கள். சரி, தொட்டில் காலியாயிருந்தால்? தாய்மார் மனம் மாறிப் பெண்ணை வீட்டிலேயே வைத்துக்கொண்டதனாலும் காலியாயிருக்கலாம். பிறக்குமுன்பே 'ஸ்கான்' எடுத்துப் பார்த்து, பிறக்கவே விடாமல் செய்ததனாலும் காலியாயிருக்கலாம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டதே, அந்த வழக்கம் பரவியதனால்தான். காலித் தொட்டில் ஒன்றுதான். அதற்குள் இருக்கும் கதை இரண்டு.

இதனால்தான் தொட்டிலை மட்டும் எண்ணினால் போதாது. வீட்டையும் எண்ணவேண்டும், ஆஸ்பத்திரியையும் எண்ணவேண்டும். தமிழ் நாட்டின் 948 என்ற எண் 2001-இல் 942 ஆயிற்று, 2011-இல் 943. பெரிய அளவில் பார்த்தால் இருபது வருஷத்தில் நிமிரவும் இல்லை, ஒரேயடியாகச் சாயவும் இல்லை. இத்தனை தொட்டில், இத்தனை கூட்டம், இத்தனை சட்டம் எல்லாம் வீண் என்று இதைக் கொண்டு சொல்லிவிடலாமா? அவையெல்லாம் இல்லாதிருந்தால் இந்த எண் எங்கே போய் நின்றிருக்கும் என்று தெரிந்தாலல்லவா சொல்லலாம்!

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஒரு திட்டத்தின் பலன் என்பது, நடந்ததற்கும் அத்திட்டம் இல்லாவிட்டால் நடந்திருக்கக்கூடியதற்கும் உள்ள வித்தியாசம். முதலாவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவதை யாரும் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்கப் புஸ்தகம் வேண்டாம். வைகை அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவர எத்தனையோ வருஷம் போராடி, 58 கிராமக் கால்வாயைப் பெற்றவர்கள் நாங்கள். கால்வாய் எத்தனை மைல் வெட்டப்பட்டது என்பதை உத்தியோகஸ்தரின் ஏட்டில் பார்க்கலாம். கண்மாய் நிறைந்ததா என்பதைக் கண்மாய்க் கரையில் நின்றுதான் பார்க்கவேண்டும். நிறைந்திருந்தாலும், அது கால்வாய்த் தண்ணீரா, மழைத் தண்ணீரா என்று இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது.

அந்த மிச்சக் கேள்விக்கு விடை காண அறிஞர்கள் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப்போட்டுச் சில கிராமங்களில் திட்டத்தை நடத்துவது, சிலவற்றில் நடத்தாமலிருப்பது, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது என்பது ஒரு வழி. இந்த வழியில் வறுமையை ஆராய்ந்ததற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் உபாத்தியாயர் உலகத்துக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. கொரோனாவினால் மூடிக்கிடந்த பள்ளிகள் திறந்தபோது பிள்ளைகள் படித்ததையெல்லாம் மறந்திருந்தார்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிற்று. ஊர்ப் பெண்களே மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொரோனாவுக்கு முன்பும் பின்பும் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், மீண்டதில் சுமார் நாலில் ஒரு பங்குதான் இத்திட்டத்தால் வந்தது என்றும் கணித்தார்கள். முழுவதும் திட்டத்தால் வந்தது என்று மேடையில் பேசுவது சுலபம். நாலில் ஒரு பங்கு என்று சொல்வதற்கு நேர்மை வேண்டும். நாலில் ஒரு பங்கும் சாமானியமானதல்ல.

ஆனால் தொட்டிலுக்குச் சீட்டுக் குலுக்க முடியாது. இந்த ஊர்க் குழந்தை பிழைக்கட்டும், அந்த ஊர்க் குழந்தையை விட்டுப் பார்ப்போம் என்று மனிதனாய்ப் பிறந்தவன் சொல்லமாட்டான். அங்கே வேறு வழியில்லை. யார் விடுபட்டார்கள் என்று தேடித் தேடிக் கேட்கத்தான் வேண்டும். அதே 1992-இல் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. பெண்ணின் பெயரில் சர்க்கார் பணம் போட்டு வைக்கும். நல்ல திட்டம். ஆனால் ஒரு பெண் அல்லது இரண்டு பெண்களோடு நிறுத்திக்கொண்டு, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே அது பொருந்தும். ஆண் குழந்தையும் இருக்கக்கூடாது. எத்தனை பேருக்குப் பத்திரம் கொடுத்தோம் என்று எண்ணினால் எண் அழகாகவே இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆபத்து முதல் பெண்ணுக்கு இல்லை, மூன்றாவது பெண்ணுக்குத்தான். நான் பதின்மூன்று வருஷம் பிந்திப் பிறந்திருந்தால், அந்தத் திட்டத்தின் வாசலுக்கு வெளியேதான் நின்றிருப்பேன்.

அளப்பதெல்லாம் வீண் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் ஜில்லாவிலேயே கொட்டாம்பட்டி வட்டாரத்தில் 1980-இல் சோதனையாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைச் சொல்லவேண்டும். உலக வங்கியின் கடனுதவியோடு நடந்தது அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு கொடுத்தார்கள்; ஏறியதும் நிறுத்தினார்கள். எடையை ஓர் அட்டையில் கோடாக வரைந்து தாயிடம் காட்டினார்கள். அங்கே அளவு என்பது மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைக்காகத் தோன்றியதல்ல. இந்தக் குழந்தைக்கு நாளைக்கு என்ன கொடுப்பது என்று தீர்மானிப்பதற்காகத் தோன்றியது. திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டக் குறைவு குறைந்தது என்றும் பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். குழந்தைக்கு உதவிய கணக்கே மேலிடத்துக்கும் உதவிற்று.

★

"ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிறாயே, உன் கணக்கு எப்படி?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கவேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

சுமார் பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. கடைசிப் பெஞ்சியில் ஜன்னலோரம் உட்காரும் பெண் ஒருத்தி; கணக்கில் கெட்டிக்காரி. ஒரு நாள் முதல் வரவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளி, பிள்ளைகள் நடுவில் நிற்காத பள்ளி என்று பெயரெடுத்திருந்தது. மேலதிகாரிகள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று பேச்சு. நீண்ட நாள் வராத பிள்ளை என்று ஏட்டில் இருந்தால் விளக்கம் எழுதவேண்டும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 'இரண்டு நாளில் வந்துவிடுவாள்' என்று நானாகவே அவள் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்தேன். இரண்டு நாள் நாலு நாளாயிற்று. நாலு நாள் மூன்று வாரமாயிற்று. பார்வையிட வந்தவர்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

அதற்குப் பின் ஒரு சனிக்கிழமை அவள் ஊருக்குப் போனேன். வாசலில் பந்தல் ஓலை வாடிக்கிடந்தது. அவளுக்கு வயது பதினாலு. தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுத்து, அவர்கள் பிழைக்கப் போன வெளியூருக்கு அனுப்பியும் விட்டார்கள். அவள் தாய் என்னை வரவேற்றுப் பாய் விரித்தாள். நான் கோபமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் நிதானமாக, "மூணு வாரமா வீட்டுலதானே டீச்சர் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து ஒருத்தரும் கேட்டு வரலையே. சரி, வேணாம்போலன்னு முடிச்சுட்டோம்" என்றாள்.

அவள் வரவில்லை என்று நான் எழுதியிருந்தால் யாராவது தேடிப் போயிருப்பார்கள். நானே போயிருப்பேன். வந்தாள் என்று நான் எழுதிய நாட்களில்தான் அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். எண்ணை வைத்துப் பரிசும் தண்டனையும் கொடுக்கத் தொடங்கினால் எண்ணே கெட்டுப்போகும் என்று அமெரிக்காவில் டொனால்ட் காம்பெல் என்ற அறிஞர் 1970-களில் எழுதியிருக்கிறார். அதைப் பின்னால் படித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் எண் தானாகக் கெடுவதில்லை. யாரோ ஒருவர் கையால் கெடுகிறது. அந்த ஏட்டில் இருந்தது என் கையெழுத்து.

★

மோர்ச் செம்பு காலியாயிருந்தது. அந்த இளம்பெண் இன்னும் இருபத்தேழாவது கேள்வியிலேயே நின்றாள்.

"எதையாவது ஒண்ணு போட்டுக்கட்டுமா டீச்சர்? கூட்டம்னு போட்டா எங்க ஆபீசுல சந்தோஷப்படுவாங்க" என்றாள். கள்ளமில்லாமல்தான் சொன்னாள். எனக்கு என் பழைய ஏடு கண் முன் வந்து நின்றது.

"வேண்டாம் அம்மா. நான் பிறந்தபோது உங்கள் ஸ்தாபனமும் இல்லை, தொட்டிலும் இல்லை. என்னைக் காப்பாற்றியது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த என் தாயாரா, அப்பத்தாவா, மழையா என்று எனக்கே நிச்சயமில்லை. பிழைத்த பிறகு வளர்ந்ததற்கு வேண்டுமானால் சாட்சி சொல்வேன். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது எனக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அந்தச் சோற்றைத் தின்றுதான் படித்தேன். அதை எழுதிக்கொள். மற்றதை நான் சொன்னபடியே ஓரத்தில் எழுது" என்றேன்.

"ஓரத்துல எழுதினா கணக்குல ஏறாதே டீச்சர்."

"ஏறாவிட்டால் போகட்டும். மழை பெய்யாத வருஷத்தில் மூன்றாவதாகப் பெண் பிறந்த வீடுகளுக்கு என்ன செய்யலாம் என்று, படிக்கிறவர்களில் ஒருவராவது யோசிக்கமாட்டாரா?"

அவள் சிறிது நேரம் சும்மா இருந்தாள். பிறகு காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு, ஓரத்து வெள்ளை இடத்தில் சின்னச் சின்ன எழுத்தாக எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்து எழுந்ததும், அடுத்தபடி எந்த வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள். கூட்டத்துக்கு ஒரு முறைகூட வராத ஒரு வீட்டைச் சொன்னேன். அவள் கட்டில் அந்த வீட்டின் பெயர் இல்லை. "பெயர் இல்லாவிட்டால் என்ன? அங்கேதான் முதலில் போயிருக்கவேண்டும்" என்று சொல்லி, வழி காட்டுவதற்காக மொச்சைக்காயை மூடி வைத்துவிட்டு நானும் கூடவே புறப்பட்டேன்.